அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறோம், உடம்புக்கு முடியாமல் போனால் தருமபுரியில் எங்கே போவது?

கேள்வி: 7 செப்டம்பர் 2025, மாலை 6.12

பைசுஅள்ளியில் எம்.எஸ்சி. முதலாமாண்டு. சொந்த ஊர் அரூர்ப் பக்கம். மூன்று பேர் சேர்ந்து டவுனில் அறை எடுத்திருக்கிறோம். எனக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், உடம்பெல்லாம் வலி. ஜி.எச். போனால் ஒரு நாள் வகுப்பு போய்விடும். தனியார் டாக்டரிடம் போனால் ரத்த டெஸ்ட், அது இது என்று ஆயிரத்தைத் தாண்டும். மெடிக்கல் கடையில் சொல்லி மூன்று வேளைக்கு மாத்திரை வாங்கிப் போட்டால் போதும் என்கிறார்கள் அறையில். போதாதா?

பதில்: 7 செப்டம்பர், இரவு 7.05

போதாது தம்பி. விளக்கம் பிறகு எழுதுகிறேன். இன்று ராத்திரிக்கு இதை மட்டும் செய்யுங்கள்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். 500 அல்லது 650 மில்லிகிராம், ஒரு மாத்திரைக்கும் அடுத்ததற்கும் ஆறு மணி நேரமாவது இடைவெளி. உடம்பு வலிக்கிறதே என்று புரூஃபென், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் எதையும் தொடாதீர்கள். மழை தொடங்கிவிட்டது, கொசு இருக்கிறது. டெங்குவாக இருந்தால் அந்த வலி மாத்திரைகள் ரத்தக் கசிவுக்கு வழி செய்துவிடும். கஞ்சி, மோர், இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல், எது உள்ளே இறங்குகிறதோ அதைக் குடித்துக்கொண்டே இருங்கள். நாளைக் காலை ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

விடாத வாந்தி, தாங்க முடியாத வயிற்று வலி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம் போவது, எழுந்து நின்றால் கண் இருட்டுவது, மூச்சு வாங்குவது, மணிக்கணக்கில் சிறுநீரே வராமல் இருப்பது. இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் கேஷுவாலிட்டி ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும். அறையில் ஒருவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போங்கள்.

7 செப்டம்பர், இரவு 10.40

மாத்திரைப் பொட்டலத்தைப் பற்றி.

என் அக்கா ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸ். நான் எம்.எஸ்சி. படிக்கும்போது ஒரு முறை தொண்டை வலி, சளி, காய்ச்சல் என்று மெடிக்கல் கடையில் சொல்லி வாங்கிய பொட்டலத்தோடு அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். கடைக்காரர் அட்டைகளைக் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டி, வேளைக்கு நாலு மாத்திரை என்று சின்னச் சின்னக் காகித உறைகளில் போட்டுக் கொடுத்திருந்தார். அக்கா ஒரு உறையைப் பிரித்து மேசையில் கொட்டினாள். ஒன்று பாராசிட்டமால், அது சரி. இரண்டாவது வயிற்றெரிச்சலுக்கு. மூன்றாவது அசித்ரோமைசின், அட்டையின் ஓரத்தில் சிவப்புக் கோட்டின் ஒரு துண்டு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. நான்காவது மிளகு அளவில் ஒரு வெள்ளை மாத்திரை, உறையே இல்லாமல். அதைக் கையில் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது அனேகமா ஸ்டீராய்டுடி" என்றாள்.

ஸ்டீராய்டு போட்டால் காய்ச்சல் சட்டென்று இறங்கும், நன்றாகப் பசிக்கும், கடைக்காரர் கைராசிக்காரர் என்று பெயர் எடுப்பார். உள்ளே கிருமி இருந்தால் அது பாட்டுக்கு வளரும். டாக்டரிடம் போகும்போது அறிகுறி பாதி மறைந்திருக்கும், அவரும் என்னவென்று கண்டுபிடிக்கத் திணறுவார். ஆன்டிபயாட்டிக் கதை எல்லோருக்கும் தெரியும். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. மூன்று வேளை போட்டு நிறுத்தினால் பிழைத்த கிருமி பலசாலியாகிவிடும்.

மெடிக்கல் கடைக்கே போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், காயத்துக்குக் களிம்பு, இதற்கெல்லாம் கடை போதும். முழு அட்டையாக, பெயரும் காலாவதித் தேதியும் தெரிகிற மாதிரி கேட்டு வாங்குங்கள். டாக்டர் எழுதித் தந்த மாத்திரை என்றால் முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் இரண்டில் எது பக்கத்தில் இருக்கிறதோ அங்கே விசாரியுங்கள். ஜெனரிக் மருந்து, விலை நன்றாகக் குறையும்.

8 செப்டம்பர், காலை 6.20

சரி, எங்கே போவது. நான் என்னையே இரண்டு கேள்வி கேட்டுக்கொள்வேன். இது எவ்வளவு வேகமாக மோசமாகிறது? இப்போது மணி என்ன?

மெதுவாகப் போகிற தொல்லை, பகல் நேரம் என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம். சளி, லேசான காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சொறி, காயத்துக்குக் கட்டு, டி.டி. ஊசி எல்லாம் அங்கேயே முடியும். கூட்டம் ஜி.எச். அளவுக்கு இருக்காது. டவுனில் அறை எடுத்திருப்பவர்கள் நகர்ப்புற நலவாழ்வு மையம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 2023-ல் தமிழ்நாடு முழுக்கத் திறந்தவை இவை. காலை எட்டிலிருந்து பன்னிரண்டு, மாலை நாலிலிருந்து எட்டு. மாலை நேரம் இருப்பதுதான் நமக்கு முக்கியம், வகுப்பு முடிந்த பிறகு போகலாம். நிறையப் பேர் அந்தக் கட்டடத்தைத் தினமும் தாண்டிப் போகிறார்கள், உள்ளே டாக்டர் இருப்பது தெரியாது.

பெரிய பரிசோதனை, ஸ்கேன், எக்ஸ்ரே, சிறப்பு மருத்துவர் தேவை என்றால் மெடிக்கல் காலேஜ். தருமபுரியில் 2008-லிருந்து இருக்கிறது. கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு போலுப்பள்ளியில் 2022-ல் வந்துவிட்டது, முன்பு மாதிரி எல்லாவற்றுக்கும் சேலம், பெங்களூர் என்று ஓட வேண்டியதில்லை. ஓ.பி.க்குக் காலையில் சீக்கிரம் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் போனால் டாக்டரைப் பார்ப்பதற்குள் லேப் மூடுகிற நேரம் வந்துவிடும், அப்புறம் ரத்தம் கொடுக்க மறுநாள் வர வேண்டும், ஒரு நாள் வேலை இரண்டு நாளாகும். ஆதார் நகல், தண்ணீர் பாட்டில், பேனா. சாப்பிட்டுவிட்டுப் போங்கள், வெறும் வயிற்றோடு வரிசையில் நின்று மயங்கி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ராத்திரி என்றால் கேஷுவாலிட்டி. அது நிஜமாகவே அவசரமானவர்களுக்கு. மூன்று நாள் இருமலுக்கு ராத்திரி பதினொரு மணிக்குப் போய் நின்றால், விபத்தில் வந்தவருக்குப் பிறகுதான் உங்களைப் பார்ப்பார்கள். அதுதான் முறை.

அவசரமா இல்லையா என்றே தெரியவில்லை என்றால் 104-க்குப் போன் செய்யுங்கள். தமிழ்நாடு அரசின் மருத்துவ ஆலோசனை எண், கட்டணம் இல்லை. உங்கள் அறிகுறியைக் கேட்டு எங்கே போகலாம் என்று சொல்வார்கள். ஸ்மார்ட்போன் இருந்தால் இ-சஞ்சீவனி என்ற அரசு செயலியில் டாக்டரோடு வீடியோவில் பேசலாம், அதுவும் இலவசம்.

9 செப்டம்பர், மாலை 5.30

கேள்வி கேட்ட தம்பி போய்விட்டு வந்திருக்கிறார், சந்தோஷம். டெங்குவுக்கான என்.எஸ்.1 பரிசோதனை நெகட்டிவ், பிளேட்லெட் கொஞ்சம் குறைவு, இரண்டு நாள் கழித்து மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

நெகட்டிவ் என்று வந்துவிட்டதே என்று மறுபரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். என்.எஸ்.1 முதல் ஐந்து நாளுக்குள் எடுப்பது, அப்போதும் சில சமயம் பிடிபடாது. ஐந்து நாளுக்கு மேல் ஐ.ஜி.எம். என்ற இன்னொரு டெங்கு பரிசோதனை எடுப்பார்கள். டெங்குவில் நம்மை ஏமாற்றுவது காய்ச்சல் இறங்குகிற நாள். அப்பாடா என்று வகுப்புக்குக் கிளம்புவோம், ஆனால் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவதும் பிளேட்லெட் விழுவதும் பெரும்பாலும் அந்த ஒன்றிரண்டு நாளில்தான். முதல் பதிலில் எழுதிய அறிகுறிகளை அந்த நாட்களில் இன்னும் கவனமாகப் பாருங்கள்.

நிலவேம்புக் கசாயம் குடிக்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அரசு மருத்துவமனைச் சித்தா பிரிவிலேயே கொடுக்கிறார்கள், குடியுங்கள். ரத்தப் பரிசோதனைக்குப் பதிலாக அதை வைத்துக்கொள்ளாதீர்கள், அவ்வளவுதான்.

10 செப்டம்பர், காலை

டைபாய்டு பாசிட்டிவ் என்று ஒருவருக்குத் தனியார் லேபில் எழுதிக் கொடுத்தார்களாம், காய்ச்சல் வந்த இரண்டாம் நாள், விடால் டெஸ்டில். விடாலை மட்டும் வைத்து டைபாய்டு என்று முடிவுக்கு வர முடியாது. எப்போதோ வந்துபோன தொற்று, வேறு காய்ச்சல், எதற்கு வேண்டுமானாலும் அது பாசிட்டிவ் காட்டும். முதல் வாரத்தில் நம்பத்தகுந்தது ரத்தத்தில் இருக்கிற கிருமியை வளர்த்துப் பார்க்கிற பிளட் கல்ச்சர், அதையும் ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே எடுக்க வேண்டும். நீங்களாக லேபுக்குப் போய் 'ஃபீவர் பேக்கேஜ்' எடுத்துக்கொண்டு வராதீர்கள். முதலில் டாக்டர், அவர் கேட்கிற டெஸ்ட் மட்டும். இந்த வரிசையை மாற்றினாலே பாதிப் பணம் வீணாகப் போகிறது.

12 செப்டம்பர், இரவு 11

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதத்தான் வேண்டும்.

இலக்கியம்பட்டியில் நாங்கள் நான்கு பெண்கள் அறை எடுத்திருந்தோம். தேன்கனிக்கோட்டைக்காரி ஒருத்திக்குச் சாயங்காலத்திலிருந்து தொப்புளைச் சுற்றி வலி. மத்தியானம் பஜ்ஜி சாப்பிட்டோம், கேஸ் என்றாள். சோடா குடித்தாள், ஓமம் மென்றாள். ஒன்பது மணிக்கு ஒரு வாந்தி. பதினொரு மணிக்கு வலி வலது பக்கம் கீழே இறங்கிவிட்டது. படுத்தால் வலது காலை நீட்ட முடியவில்லை, மடக்கியே வைத்திருந்தாள். பாத்ரூமுக்குக் கூன் போட்டுக்கொண்டு போனாள். இருமச் சொன்னேன், இருமியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அக்காவுக்குப் போன் செய்தேன். "வலி மாத்திரை கொடுக்காதே, எதையும் சாப்பிடக் கொடுக்காதே, தண்ணி கூட வேண்டாம், 108-ஐக் கூப்பிடு" என்றாள்.

தோழி அழுதாள். வலிக்காக இல்லை. வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றால் ஓனர் என்ன நினைப்பார், ஊரில் அப்பாவுக்கு யாராவது சொல்லிவிடுவார்களோ என்று. வயசுப்பெண் நடுராத்திரி ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊர் என்ன பேசும் என்பது அவளுக்குக் குடல்வாலை விடப் பெரிய பயமாக இருந்தது.

கேஷுவாலிட்டியில் டியூட்டி டாக்டர் வலது பக்க அடிவயிற்றில் மெதுவாக அழுத்தினார், அப்புறம் சட்டென்று கையை எடுத்தார். அழுத்தியபோது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள் கையை எடுத்தபோது அலறினாள். ரத்தம், ஸ்கேன், காலையில் ஆபரேஷன். தேன்கனிக்கோட்டையிலிருந்து அப்பா முதல் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது அவளை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். திட்டுவார் என்று பயந்துகொண்டிருந்தோம். அவர் எங்கள் மூன்று பேருக்கும் இட்லி வாங்கிக் கொடுத்துவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்.

ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்து அவளே போட்டாள். 18 நிரம்பியவர், நினைவோடு இருப்பவர் தன் கையெழுத்தைத் தானே போடலாம். அப்பா வந்தால்தான் வைத்தியம் என்று யாரும் அவசரத்தில் தள்ளிப் போட முடியாது.

13 செப்டம்பர், காலை

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு யோசித்தேன். எங்கே போவது என்பதற்கு 8-ம் தேதி சொன்ன இரண்டு கேள்வி போதாது, மூன்றாவது ஒன்றும் கேட்க வேண்டும்: கூட யார் வருகிறார்கள்? அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு எடுக்க, லேபுக்கு ரத்தம் கொண்டுபோக, மாத்திரை வாங்க ஒரு ஆள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நோயாளியே எல்லாவற்றுக்கும் ஓட முடியாது. அறை எடுக்கும்போது வாடகையை எப்படிப் பிரிப்பது என்று பேசுகிறோம் அல்லவா, ராத்திரி ஒருவருக்கு முடியவில்லை என்றால் யார் கூடப் போவது, யார் வீட்டுக்குச் சொல்வது என்பதையும் அன்றைக்கே பேசிவிடுங்கள். ஒவ்வொருவர் வீட்டு நம்பரும் மற்றவர்கள் போனில் இருக்கட்டும்.

அப்புறம், 108-க்குப் பேசுவது எப்படி என்று பர்கூர்த் தங்கை கேட்டிருந்தார். எடுப்பவர் சென்னையில் இருக்கிறார், நம் ஊர்ச் சந்து அவருக்குத் தெரியாது. முதலில் மாவட்டம், பிறகு தாலுகா, பிறகு ஊர். அள்ளி என்று முடிகிற ஊர் நம் மாவட்டத்தில் அடுக்கடுக்காக இருக்கிறது, ஊர்ப் பெயரை மட்டும் சொன்னால் குழப்பம்தான். அடுத்து ஒரு அடையாளம்: கோயில், பள்ளிக்கூடம், பெட்ரோல் பங்க், ரேஷன் கடை. அவர்கள் வைக்கச் சொல்லும்வரை போனை வைக்காதீர்கள். வண்டியில் இருக்கிறவர் திரும்பக் கூப்பிடுவார், லைனைப் பிஸியாக வைக்காதீர்கள். ஒருவர் மெயின் ரோட்டில் போய் நின்று கை காட்டினால் நேரம் மிச்சம். காசு எதுவும் கிடையாது.

14 செப்டம்பர், ஞாயிறு

ஞாயிறு என்றதும் நினைவுக்கு வந்தது. ஒகேனக்கல்லுக்குப் பைக்கில் போகிற தம்பிகளுக்கு.

சாலை விபத்து என்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு இன்னுயிர் காப்போம் திட்டம் இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கியது. அதில் சேர்க்கப்பட்ட தனியார் மருத்துவமனைகளுக்கும் பொருந்தும். காப்பீட்டு அட்டை இருக்கிறதா, எந்த மாநிலத்துக்காரர் என்றெல்லாம் பார்ப்பதில்லை. பென்னாகரம் ரோடானாலும் தொப்பூர் கணவாயானாலும், அடிபட்டவர் பணக் கணக்குப் போட்டுக்கொண்டு ரோட்டோரம் கிடக்க வேண்டியதில்லை. சேர்த்துவிட்டவரைப் போலீஸ் அலைக்கழிக்கும் என்ற பயமும் வேண்டாம். உதவியவர் தன் பெயரைச் சொல்ல விரும்பவில்லை என்றால் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். தலையில் அடி என்றால், நன்றாகப் பேசுகிறார், நடக்கிறார் என்று அறைக்குக் கூட்டிப் போய்விடாதீர்கள். ஒரு முறை வாந்தி எடுத்தாலோ தூங்கித் தூங்கி விழுந்தாலோ ஆஸ்பத்திரி. ஹெல்மெட் போடுங்கள், பின்னால் உட்காருகிறவரும்.

18 செப்டம்பர்

வருகைப் பதிவு. எல்லோருக்கும் வயிற்றைக் கலக்குகிற விஷயம் இதுதான்.

மெடிக்கல் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு அறையில் நாலு நாள் படுத்திருந்தவருக்குக் கையில் ஒரு துண்டுச் சீட்டு கூட இருக்காது. செமஸ்டர் முடிவில் 75 சதவீதத்துக்குக் கீழே போனதும் மெடிக்கல் சர்டிஃபிகேட்டுக்கு அலைவார். எந்த நல்ல டாக்டரும் முன்தேதி போட்டுத் தர மாட்டார், தரவும் கூடாது. பணம் வாங்கிக்கொண்டு தருகிறவரின் சர்டிஃபிகேட் ஒரு நாள் உங்களுக்கே வினையாக வரும். ஒரு நாள் வகுப்பு போகிறதே என்று முதல் நாள் ஓ.பி.க்குப் போகாதவர் கடைசியில் இழப்பது அதை விட அதிகம்.

அதனால் ஓ.பி. சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அந்தத் தாள் வியர்வையில் நனைந்தால் எழுத்து அழிந்துவிடும். ஓய்வு தேவை என்று டாக்டர் சொன்னால் அப்போதே சர்டிஃபிகேட் கேளுங்கள். துறைத்தலைவருக்கு முதல் நாளே ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள். எனக்குத் தெரிந்த பேராசிரியர்கள் பெரும்பாலும் உடம்பு முடியாத பிள்ளையிடம் கடுமை காட்டுவதில்லை, சொல்லாமல் காணாமல் போவதுதான் அவர்களுக்குக் கோபம்.

21 செப்டம்பர், மாலை

பெண்களுக்கு மட்டும், மற்றவர்களும் படிக்கலாம்.

கல்லூரிக் கழிப்பறை சரியில்லை என்று காலையிலிருந்து சாயங்காலம்வரை தண்ணீரே குடிக்காமல் இருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! கடைசியில் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், அடிக்கடி போகிற உணர்வு. சூடு பிடித்துவிட்டது என்று வெந்தயம், மோர் என்று நாட்களைத் தள்ளுவோம். அது சிறுநீர்ப் பாதைத் தொற்று. ஒரு யூரின் டெஸ்ட், டாக்டர் தருகிற மாத்திரை, சில நாளில் சரியாகிவிடும். குளிர் காய்ச்சலும் விலாவுக்குப் பின்னால் இடுப்பு வலியும் சேர்ந்துகொண்டால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறுகிறது, அன்றைக்கே போயாக வேண்டும்.

பெண் டாக்டர்தான் வேண்டும் என்று கேட்பது தவறில்லை. ஓ.பி. சீட்டு போடுகிற இடத்தில் கூச்சப்பட்டுக்கொண்டு 'வயிற்று வலி' என்று மட்டும் சொன்னால் பொது மருத்துவத்துக்கு அனுப்பிவிடுவார்கள். மாதவிடாய்த் தொல்லை என்றால் மகப்பேறு, மகளிர் பிரிவு என்று கேட்டுச் சீட்டு வாங்குங்கள். அங்கே வயிறு தள்ளிய கர்ப்பிணிகளுக்கு நடுவில் கல்லூரிப் பையோடு உட்கார்ந்தால் நாலு பேர் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

தனி மெசேஜில் ஒருவர் கேட்டதற்கு இங்கேயே பதில் சொல்கிறேன், வேறு யாருக்காவதும் உதவும். கர்ப்பம் என்று தெரிந்தால் ரகசியமாகச் செய்து தருகிறோம் என்று சொல்கிற எந்த வீட்டுக்கும் போகாதீர்கள். நம் பக்கத்தில் அப்படிப்பட்ட கும்பல்கள் பிடிபட்ட செய்தி பல முறை வந்திருக்கிறது, பெண்கள் உயிரையே விட்டிருக்கிறார்கள். கருக்கலைப்பு அரசு மருத்துவமனையில் சட்டப்படி நடக்கிறது. 20 வாரம்வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 18 நிரம்பியிருந்தால் உங்கள் சம்மதம் மட்டும் போதும். மணமாகாதவர்களை ஒதுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. உங்கள் பெயரை அவர்கள் வெளியே சொல்லக் கூடாது என்பதும் சட்டம்தான்.

27 செப்டம்பர்

பேச்சு வேறு பக்கம் போகிறது, பரவாயில்லை, இதுவும் நம் ஊர் விஷயம்.

பல்லில் பழுப்புக் கறை இருக்கிறது, வேலைக்கு நேர்காணல் போக வெட்கமாக இருக்கிறது, க்ளீனிங் செய்தால் போகுமா என்று பாலக்கோட்டுத் தம்பி கேட்டிருக்கிறார். தருமபுரி, கிருஷ்ணகிரி, நம் இரண்டு மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். சின்ன வயதில் ஈறுக்குள் பல் உருவாகும்போது குடித்த போர்வெல் தண்ணீரால் வந்தது அது. நீங்கள் பல் விளக்காமல் வந்த கறை இல்லை தம்பி, யாராவது கிண்டல் செய்தால் இதைச் சொல்லுங்கள். ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்ததே இதற்காகத்தான், 2013-ல் தண்ணீர் வரத் தொடங்கியது. பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு இந்தக் கறை குறைய வேண்டும்.

சாதாரண க்ளீனிங்கில் போகாது, கறை எனாமலுக்குள்ளேயே இருக்கிறது. மேல்பரப்பை லேசாகத் தேய்த்தெடுப்பது, ப்ளீச்சிங், மேலே மெல்லிய பூச்சு ஒட்டுவது என்று வழிகள் இருக்கின்றன. முதலில் அரசு மருத்துவமனைப் பல் பிரிவில் காட்டி எந்த அளவுக்கு இருக்கிறது என்று கேளுங்கள். அதன் பிறகு தனியாரிடம் விலை விசாரியுங்கள்.

2 அக்டோபர்

தனியார் க்ளினிக் பற்றி நான் அதிகம் எழுதவில்லை என்று ஒருவர் குறை சொல்கிறார். நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். சாயங்காலம் போய் இருநூறு முன்னூறு கொடுத்துப் பார்த்துவிட்டு வருவது பல சமயம் மாணவர்களுக்குச் சரியான வழியும்கூட, வகுப்பு கெடாது.

ஒன்று மட்டும் பாருங்கள். பெயர்ப்பலகையிலும் மருந்துச் சீட்டிலும் டாக்டர் பெயர், பட்டம், பதிவு எண் இருக்க வேண்டும். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். போலி மருத்துவர் கைது என்ற செய்தி நம் மாவட்டங்களில் அடிக்கடி வருகிறது. மருந்துக் கடைக்குப் பின்னால் ஒரு பெஞ்சு போட்டு, வருகிறவருக்கெல்லாம் இடுப்பில் ஒரு ஊசி, ஒரு ட்ரிப்ஸ் என்று நடத்துகிறவர்கள் அவர்கள். ஊசி போட்டால்தான் காய்ச்சல் விடும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் இருக்கிறவரைக்கும் அந்த பெஞ்சு காலியாகாது. வாயால் சாப்பிட முடிகிறவருக்கு மாத்திரையே போதும்.

6 அக்டோபர், இரவு

ஒரு தம்பி இரண்டு வரி எழுதிவிட்டு அழித்துவிட்டார். நான் படித்துவிட்டேன். அரியர் விழுந்திருக்கிறது, தூக்கமே இல்லை, எதற்கு இருக்கிறோம் என்று தோன்றுகிறது என்று எழுதியிருந்தார்.

தம்பி, 14416, அரசின் மனநல உதவி எண். இப்போதே கூப்பிடலாம், நடுராத்திரி என்றாலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், இலவசம். 104-லும் மனநல ஆலோசகர் பேசுவார். நாளைக் காலை மெடிக்கல் காலேஜில் மனநலப் பிரிவு ஓ.பி.க்குப் போங்கள். அதுவும் மற்ற பிரிவு மாதிரி ஒரு அறைதான், சீட்டு வாங்கி வரிசையில் உட்கார வேண்டியதுதான். கூட ஆள் வேண்டும் என்றால் எனக்கு மெசேஜ் போடுங்கள், நான் வருகிறேன். அறையில் ஒருவரிடமாவது இன்று ராத்திரி சொல்லிவிடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் போய், எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் அது சோம்பேறித்தனம் இல்லை. மருத்துவம் இருக்கிற நோய்.

7 அக்டோபர், காலை

தம்பி மெசேஜ் போட்டார். போய் வந்தோம். மற்றது அவர் விஷயம்.

9 அக்டோபர்

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம்வரை. காய்ச்சலுக்கு ஓ.பி.யில் பார்க்க இது உதவாது, படுக்கையில் சேர்ந்து செய்கிற, பட்டியலில் இருக்கிற சிகிச்சைகளுக்குத்தான். அட்டை ஊரில் அம்மாவின் டிரங்குப் பெட்டிக்குள் இருந்து பயனில்லை, போட்டோ உங்கள் போனில் இருக்கட்டும். உங்கள் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அம்மா அப்பா என்றதும் இன்னொன்று. அவர்களுக்குச் சர்க்கரை, பி.பி. இருந்தால் மக்களைத் தேடி மருத்துவத்தில் பதிந்திருக்கிறார்களா என்று கேளுங்கள், மாத்திரை வீட்டுக்கே வரும். 2021 ஆகஸ்டில் அந்தத் திட்டத்தைத் தொடங்கியதே நம் சூளகிரி ஒன்றியத்துச் சாமனப்பள்ளியில்தான்.

14 அக்டோபர், காலை 7.15

நேற்று ராத்திரி மெஸ்ஸிலிருந்து திரும்பும்போது நாய் கடித்துவிட்டது, சின்னக் கீறல்தான், மஞ்சள் வைத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிற போச்சம்பள்ளித் தம்பிக்கு.

மஞ்சளைக் கழுவுங்கள். குழாயைத் திறந்துவிட்டுச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம். ஓடுகிற தண்ணீரில், கடிகாரம் பார்த்து. பிறகு நேராக ஆஸ்பத்திரி. ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி, உடனடிப் பாதுகாப்பு தருகிற இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட வேண்டும், அதனால் மெடிக்கல் காலேஜுக்கே போங்கள். அரசு மருத்துவமனையில் இலவசம். ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற வழியில்லை, ஊசி ஒன்றுதான் வழி. தெரு நாயா வளர்ப்பு நாயா என்பதை வைத்து ஊசி வேண்டாம் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

பைசுஅள்ளி, செட்டிக்கரைப் பக்கம் வயல் ஓரமாகத் தங்கியிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தரையில் படுக்காதீர்கள், கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிக்கொள்ளுங்கள். கட்டுவிரியன் கடித்தால் பல சமயம் வலியும் இருக்காது, தடமும் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி, கண் இமை தானாகத் தொங்குவது, பேச்சு குழறுவது என்று எழுந்தால் பாம்புக்கடியாக இருக்கலாம் என்று நினைத்து ஓடுங்கள். கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், கடிபட்டவரை நடக்க விடாதீர்கள்.

17 அக்டோபர், இரவு

போச்சம்பள்ளித் தம்பிக்கு முதல் ஊசி 14-ம் தேதி போட்டாயிற்றாம். கணக்கு முதல் ஊசி போட்ட நாளிலிருந்துதான்: இன்று 17 இரண்டாவது, 21 மூன்றாவது, நவம்பர் 11 நான்காவது. தீபாவளி 20-ம் தேதி, ஊருக்குப் போய்விடுவேன், மூன்றாவது ஊசியை வந்து போட்டுக்கொள்ளலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம், ஊரிலேயே போடலாம். தேதி எழுதிய கார்டை எடுத்துக்கொண்டு போங்கள், எந்த அரசு மருத்துவமனையிலும் அதைப் பார்த்து அடுத்த ஊசியைப் போடுவார்கள். 20-ம் தேதிக்குள் போச்சம்பள்ளி ஆஸ்பத்திரியில் யாரையாவது அனுப்பி, 21 அன்று ஊசி எத்தனை மணிக்குப் போடுகிறார்கள் என்று விசாரித்துவையுங்கள். எப்படியோ ஒரு நாள் தள்ளிப்போனாலும் விட்டுவிடாதீர்கள், மறுநாளே போய் அதே வரிசையில் தொடரலாம், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. நவம்பர் 11-க்கு நீங்கள் இங்கேதான் இருப்பீர்கள், அன்று காலை நான் நினைவுபடுத்துகிறேன்.